ஆடிக்கு முன் மாடி

ஜூன் 14, ஞாயிறு

என்னைப் பற்றி நானே சர்டிபிகேட் கொடுத்து, கொடுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

மாடி போர்ஷனில் ஏணி போட்டு, பழைய லுங்கியும் தலையில் ஒரு துண்டுமாக ஹால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாசல் போர்டைப் பார்த்துவிட்டு ஒரு இளம் புருஷன் பெண்டாட்டி படியேறி வந்தார்கள். அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பெயிண்டருங்களா? வீட்டுக்காரர் எப்படி, தொல்லை புடிச்ச ஆளா?" என்று கேட்டான். நான்தான் வீட்டுக்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் கேட்டால்தானே.

"அப்படி ஒரு மனுஷனை இந்தக் காட்டூர்ல வேற எங்கயும் பாக்க முடியாது தம்பி. தங்கம். வாடகையக் கூட வாயத் தொறந்து கேக்க மாட்டாரு" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மரகதம் கீழேயிருந்து, "என்னங்க, வீடு பாக்க ஆளு மேல வந்திருக்காங்க. அந்த லுங்கிய மாத்திக்கிட்டுப் பேசுங்க, வீட்டுக்காரர்னு ஒரு லட்சணம் வேண்டாமா" என்று குரல் கொடுத்தாள்.

சமையலறையைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

சாப்பிடும்போது மரகதம் இதை நடித்தே காட்டினாள். எங்கள் மகள் பூங்கோதை கேட்டுவிட்டு, "தங்கம்னீங்க சரி, எத்தனை கேரட்னு சொல்லலியாப்பா?" என்றாள். போன தை மாதம் கோயம்புத்தூரில் விவாகரத்து, கோர்ட்டு எல்லாம் முடிந்து, இரண்டு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அதற்கப்புறம் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இன்னும் நாலு பேரை விரட்டியடித்தாலும் பரவாயில்லை போலிருந்தது.

ஜூன் 15, திங்கள்

இந்த டைரி டைல்ஸ் கடையில் கொடுத்தது. ஐந்து மாதமாக மரகதம் இதன் மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருந்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் படித்ததெல்லாம் டிக்கெட். ரிடயர் ஆகும்வரை தனியார் பஸ்ஸில் செக்கர். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது வரிசையாக உட்கார்ந்திருந்தால் கை தானாக நீள்கிறது.

மாடியில் இருந்த குடும்பம் சொந்த வீடு கட்டிக்கொண்டு சித்திரையில் போனது. அதிலிருந்து காலி. ஆடி பிறந்துவிட்டால் ஒருவரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அப்புறம் ஆவணி வரைக்கும் புறாக்கள்தான் குடியிருக்கும். அதனால் ஆளை வைக்காமல் நானே வேலையில் இறங்கியிருக்கிறேன்.

ராத்திரி பூங்கோதையிடம் யோசனை கேட்டேன். அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கும் வேலை. எதையும் உற்றுப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

"சுவரெல்லாம் அப்புறம்ப்பா. வீடு பாக்க வர்றவங்க முதல்ல பைப்பைத்தான் திறப்பாங்க. அது சொட்டுச்சுன்னா அதுக்கப்புறம் எதுவும் கண்ணுல படாது. அடுத்தது பாத்ரூம் வாடை. அப்புறம் ஜன்னல்."

"ரொம்ப அனுபவம் மாதிரி சொல்றே?"

"அஞ்சு வீடு பாத்துட்டேனே" என்றாள். சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "எனக்குத்தாம்பா. தனியா ஒரு வீடு பாத்துக்கலாம்னு. ஆடிக்கு முன்னால."

மரகதம் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இப்போது சொட்டவில்லை.

ஜூன் 17, புதன்

சுவர் முழுக்கப் பட்டி பார்த்து முடித்தேன். கழுத்து இடது பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. வலது பக்கம் இருப்பவர்கள் சுற்றி வரவும்.

ஜூன் 20, சனி

பெயிண்ட் விஷயத்தில் ஒரு சறுக்கல். கடைக்காரர் அட்டையைக் காட்டும்போது இளம்பச்சையாகத்தான் இருந்தது. சுவரில் அடித்ததும் பூங்கோதை வாசலிலேயே நின்று, "அப்பா, கையக் கழுவிட்டு உள்ள வரணுமா? ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னபடி சந்தன வெள்ளை வாங்கி மேலே ஒரு கோட் அடித்தேன். ஹால் சட்டென்று பெரிதாகிவிட்டது.

வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடி மாட்டினேன். உயரம் பார்க்க வேண்டும் என்று பூங்கோதையைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டேன். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் ஒரு மறைப்பும் அடித்தேன். தெருவிளக்கு முகத்தில் அடித்தால் சில பேருக்குத் தூக்கம் வராது.

மரகதம் காபி கொண்டுவந்தவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கண்ணாடி ஏன் இவ்வளவு கீழ?"

"வாடகைக்கு வர்றவங்க பொதுவா இந்த உயரந்தான் இருப்பாங்க."

"ஓகோ. தெருவிளக்குல தூங்காதவங்களாவும் இருப்பாங்களோ?"

நான் ஆணி தேடப் போய்விட்டேன்.

சாயங்காலம் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். குழாயைத்தான் முதலில் திறந்தார்கள். பூங்கோதை சொன்னது சரிதான். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அப்புறம் நான் இரண்டு வார்த்தை விசாரித்தேன். எந்த ஊர், அதுக்கு முன்னால் எந்த ஊர், அங்கேயிருந்து ஏன் வந்தீர்கள், சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா, மிக்ஸி எத்தனை மணிக்குப் போடுவீர்கள். யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.

"செக்கிங் முடிஞ்சுதா?" என்றாள் மரகதம். "பாதி வழியிலயே இறக்கி விட்டுட்டீங்க போல."

அந்த ஆள் நடக்கும்போது செருப்பு ரொம்பச் சத்தம் போடுகிறது. கீழே இருக்கிறவர்கள் மனுஷர்கள் இல்லையா.

ஜூன் 23, செவ்வாய்

இன்று பூங்கோதையோடு கே.கே. நகரில் ஒரு வீடு பார்க்கப் போனேன். நானாகப் போகவில்லை. தனியாக வந்தால் பேச முடியாது, பெரியவர்கள் யாரையாவது கூட்டி வாருங்கள் என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் பெரியவராக உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் போர்டு: "வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்." எங்கள் வீட்டு வாசலிலும் இதே வாசகம்தான், நானே பிரஷ் பிடித்து எழுதியது. அவர் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

வீட்டுக்காரருக்கு என் வயதுதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சார் என்ன பண்றாரு?" என்றார்.

"சார் இல்லீங்க. நான் மட்டுந்தான்" என்றாள் பூங்கோதை.

"அப்ப அய்யா உங்ககூட இருப்பாரா?"

"அப்பாவுக்கு காட்டூர்ல வீடு இருக்குங்க."

"இதே ஊர்ல அப்பா வீடு இருக்கறப்ப உனக்கு எதுக்கும்மா தனி வீடு?"

ஒரு வாரமாக இதே கேள்வியைத்தான் நான் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கிறேன். இன்னொருத்தர் வாயிலிருந்து வந்ததும் அவரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம் போலிருந்தது. பூங்கோதை, "வேலைக்குப் பக்கம்ங்க" என்றாள், ரொம்பப் பழகிப்போன மாதிரி. அவர் விடவில்லை. ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், யார் யார் வருவார்கள், முன்னால் இருந்த வீட்டை ஏன் விட்டாய். கடைசியாக, "ஆம்பளைங்க யாரும் வந்து போகக் கூடாது" என்றார்.

"நான் வரலாங்களா? நானும் அந்த வகைதான்" என்றேன்.

வெளியே வந்துவிட்டோம். வெளியே அனுப்பினார் என்று மரகதத்திடம் சொல்லவில்லை.

பால்பண்ணை சிக்னலில் நிற்கும்போது பூங்கோதை திரும்பாமலே சொன்னாள். "கோவப்படாதீங்கப்பா. அவரு புதுசா ஒண்ணும் கேக்கல. நீங்க மாடியில கேக்கறதைத்தானே அவரும் கேட்டாரு. மிக்ஸிய மட்டும் மறந்துட்டாரு."

பச்சை விழுந்தது. "போம்மா, பச்சை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மீதி இருந்த சந்தன வெள்ளையை எடுத்து வாசல் போர்டில் இரண்டாவது வரியின் மேல் பூசினேன். மரகதம் ஏன் என்று கேட்டாள். மழையில் எழுத்து மங்கிப்போயிருந்தது என்றேன்.

"எந்த மழையில?" என்றாள்.

ஜூன் 25, வியாழன்

காபி பில்டர் துணியைத் தொங்கவிட மாடிச் சமையலறையில் ஒரு கொக்கி. பூங்கோதைக்கு டிகாஷன் காபிதான் வேண்டும். யாருக்குமே அதுதான் பிடிக்கும்.

ஜூன் 28, ஞாயிறு

வேலை முடிந்துவிட்டது. பூங்கோதையை மேலே கூப்பிட்டு, "நீ வாடகைக்கு வர்ற ஆள்னு வச்சுக்க. பாத்துட்டுக் குறை இருந்தா சொல்லு" என்றேன்.

அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். "வணக்கம் சார். வீடு பாக்க வந்திருக்கேன்."

"வாங்க வாங்க."

குழாயைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். கண்ணாடி முன்னால் நின்றாள். முகம் சரியாக நடுவில் தெரிந்தது. பில்டர் கொக்கியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"வீடு அருமையா இருக்கு சார். கேட் எப்பப் பூட்டுவீங்க?"

"பத்து மணிக்கு."

"எனக்கு வெளியூர்ல கண் கேம்ப் இருந்தா லேட்டாகுமே?"

"அதனால என்ன, வீட்டுக்காரர் முழிச்சிருந்து திறந்து விடுவாரு."

"திறந்து விட்டுட்டு?"

"சாப்பிட்டியாம்மான்னு கேப்பாரு. அவ்வளவுதான்."

"சாப்பிடலைன்னா?"

"அவரு சம்சாரத்தை எழுப்புவாரு. தோசை ரெண்டு நிமிஷம்."

அவள் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதான் சார் கஷ்டம். வீட்டுல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரர்தான் ரொம்பத் தங்கமா இருக்காரு."

நானும் எதிரே உட்கார்ந்தேன். அவள் விளையாட்டை விட்டுவிட்டாள்.

"அப்பா, எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு வீட்டுச் சாவியும் இருந்ததில்ல, தெரியுமா? இங்க எப்ப வந்தாலும் அம்மா திறப்பாங்க. கோயம்புத்தூர்ல மாமியார் திறப்பாங்க. எந்தக் கதவு திறந்தாலும் உள்ள யாராவது நின்னுக்கிட்டு என் மூஞ்சியப் பாப்பாங்க. ஒரு நாளாவது நானே பூட்டத் திறந்து, லைட்டப் போட்டு, யாருக்கும் மூஞ்சியக் காட்டாம உக்காரணும். பாத்திரத்தக் கழுவாம தூங்கணும். அவ்வளவுதாம்பா. உங்க மேல கோவமெல்லாம் இல்ல."

"மாடிக்குத் தனிப் பூட்டுதாம்மா" என்றேன்.

"பூட்டு தனிதான். கீழ உங்க ரெண்டு பேரு காதும் இருக்கே."

உண்மைதான். மேலே ஸ்பூன் விழுந்தால் மரகதம் எந்த ஸ்பூன் என்று சொல்லிவிடுவாள்.

குறை ஒன்றும் இல்லை என்று வாடகைக்காரர் சொல்லிவிட்டார். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1, புதன்

மாடி பார்க்க வந்தது புறா மட்டும்.

ஜூலை 4, சனி

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் பெயர் சூசைமாணிக்கம், அரிசி ஆலையில் வேலை. மகள் ஜெசிந்தா, இங்கே ஒரு ஸ்கூலில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்து, ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு பேரோடு கிடக்கிறாள். நல்ல உயரம். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தாள்.

அவள் குழாயைத் திறந்தாள். அவர் குழாய்ப் பக்கமே போகவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தார். பால்கனிக் கதவை வெளியே நின்று தள்ளிப் பார்த்தார். நான் பின்னாலேயே நடந்தேன்.

அப்புறம் தயங்கித் தயங்கி, "போர்டுல குடும்பத்துக்கு மட்டும்னு போடலியே, அதாங்க ஏறி வந்தோம். பாப்பா மட்டுந்தான் இருக்கும்" என்றார்.

"அதனால என்னங்க."

"ஸ்போர்ட்ஸ் மீட்டுன்னா ராத்திரி நேரமாயிடும்."

"கேட்டுச் சாவி ஒண்ணு அவங்ககிட்டயே இருக்கும். யாரையும் எழுப்ப வேண்டியதில்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்து ஏதோ கேட்பேன் என்று. நான் கேட்கவில்லை. ஊர் எது என்பதுகூட அவர் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் உறுதியானது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

"என்ன, இன்னிக்கு டிக்கெட்டே கேக்கல?" என்றாள் மரகதம்.

"பாஸ் வச்சிருந்தாங்க" என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

பூங்கோதை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மாடிக்கு ஒரு டீச்சர் பொண்ணு கேட்டிருக்கு, தனியா. நீ என்ன சொல்றே?" என்றேன்.

"என்னை ஏம்பா கேக்கறீங்க?"

"சும்மாதான்."

துப்பட்டாவை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தாள். "குடுத்துடுங்கப்பா. அந்தப் பொண்ணு எத்தனை மாடி ஏறி இறங்கிச்சோ."

போன் போட்டுச் சொன்னேன். சூசைமாணிக்கம், "ஆடிக்கு முன்னாலயே வந்துர்றோங்க. எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாது, ஆனா உங்களுக்கு இருக்குமுல்ல" என்றார். நல்ல மனுஷர்.

போர்டை எடுத்துப் பரணில் போட்டேன். வாசல் மொட்டையாக இருக்கிறது.

ஜூலை 8, புதன்

பூங்கோதைக்கு உறையூரில் வீடு கிடைத்துவிட்டது. வீட்டுக்காரம்மா சகுந்தலா, கீழே தனியாக இருக்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம்: மோட்டார் போட்டால் நிறுத்த மறக்க மாட்டியே? அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். யார் எப்போது வந்தாலும் போனாலும் கவலை இல்லை. பூங்கோதைக்குக் கடவுள் அனுப்பிய வீட்டுக்காரம்மா.

போய்ப் பார்த்தேன். சுவர் அதே ஆபரேஷன் தியேட்டர் பச்சை. குழாய் சொட்டுகிறது. நான் உட்கார்ந்து வாஷர் மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா மேலே வந்து, "பிளம்பரா?" என்றார். இந்தத் தடவை நான் விளையாடவில்லை. "அவளோட அப்பாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "கீழயும் ஒரு பைப் சொட்டுது, முடிச்சுட்டு வா" என்று போய்விட்டார்.

அதையும் மாற்றினேன்.

ஜூலை 10, வெள்ளி

மாடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஜெசிந்தா டீச்சர் அதன் முன்னால் நின்று பார்த்தபோது கழுத்துதான் தெரிந்தது. அவர்களுக்கு வேறு ஒன்று உயரமாக மாட்டியாகிவிட்டது. கழற்றியதை உறையூருக்குக் கொண்டுபோனேன். அங்கே அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அளவு தெரியும்.

பில்டர் கொக்கியையும்.

ஜூலை 12, ஞாயிறு

ஆடிக்கு முன்னால் கடைசி நல்ல நாள் என்பதால் ஊரே பால் காய்ச்சுகிறது. எங்களுக்கு ஒரே நாளில் இரண்டு இடம்.

காலையில் மாடியில். சூசைமாணிக்கம் குடும்பம் ஜெபம் செய்தது, பால் பொங்கியது, எங்களுக்கு இரண்டு டம்ளர் வந்தது. எல்லாரும் வேனில் ஏறியாகிவிட்டது. அவர் மட்டும் கேட்டில் நிற்கிறார். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேனா என்று பார்த்து வருகிறேன் என்று மேலே போனார். வந்தார். டியூப் லைட் ஒன்று மினுக்கியதாக ஞாபகம் என்று மறுபடி போனார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"என்னங்க, ஒரேயடியா நீங்களும் குடிவந்துடுங்களேன்" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை. இந்தக் காலத்துத் தகப்பன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சாயங்காலம் உறையூர். பூங்கோதை பாலைப் பொங்கவைத்தாள். மரகதம் இரண்டு ஜாடி ஊறுகாய் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் அடுப்புப் புகை என்றாள்; கேஸ் அடுப்பு. எந்தப் புகை என்று நான் கேட்கவில்லை, அவளுக்குத்தான் அந்த வழக்கமெல்லாம்.

நான் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தேன். தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்தேன்.

"அப்பா, கழண்டு கையோட வந்துடப்போவுது" என்றாள் பூங்கோதை. "கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க. வாங்க, வாசல் வரைக்கும் வர்றேன்."

எங்களை முன்னால் விட்டு, அவளே கதவைச் சாத்திப் பூட்டினாள். பழக்கமில்லை, சாவியைத் தலைகீழாக நுழைத்தாள். சரிபண்ணித் திருப்பினாள். டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பத்தாவதில் ஸ்கூல் முதலாக வந்தபோதுகூட அப்படி இல்லை.

வளையத்தில் இரண்டு சாவி இருந்தது. ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில்.

ஸ்கூட்டரில் மரகதம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்டார்ட் செய்யாமல் நின்றேன். பூங்கோதை சாவி வளையத்தை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே, "என்னப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள்.

"தண்ணி எத்தனை மணிக்கு வருது?" என்றேன்.

"காலைல ஆறுக்கு."

"அப்ப சரி."

தெருமுனை திரும்பியதும் மரகதம் என் முதுகில் ஒரு விரலால் குத்தி, "என்ன கேக்க வந்தீங்க?" என்றாள்.

"தண்ணியத்தான்."

வரும்போது மாடியில் லைட் எரிந்தது. மேலே ஏதோ ஒரு ஸ்பூன் விழுந்தது. எந்த ஸ்பூன் என்று மரகதம் சொல்லவில்லை.

கேட்க வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்: அந்த இன்னொரு சாவி எங்ககிட்ட இருக்கட்டும்மா.